உதட்டின் இடது ஓரம்

கலுங்வே பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று விமானங்கள் வந்தன. இரண்டு உள்நாட்டிலிருந்து, ஒன்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து. ஒரே ஒரு நாட்டைப் பன்னாடு என்று சொல்ல எந்த இலக்கணம் இடம் கொடுக்கிறது என்று வந்திறங்கிய அன்றே சென்னியப்பன் யோசித்தான். கண்ணாடி முகப்பின் மேல் ஆளுயர எழுத்துகளில் பெயர் மின்னியது. உள்ளே பெட்டிகள் வரும் பட்டை ஒன்றே ஒன்று. அதுவும் பாதி தூரம் ஓடிவிட்டு மூச்சு வாங்குவதுபோல் நின்றுவிடும். செம்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. ஊரைவிடப் பெரிதாக ஒரு நிலையத்தைக் கட்டி வைத்து, ஊர் வளர்ந்து வந்து அதை நிரப்பட்டும் என்று காத்திருந்தார்கள்.

சென்னியப்பனுக்கு முப்பத்தொன்பது வயது. சென்னிமலைப் பக்கத்துக்காரன். முகங்களைப் படிக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கோயம்புத்தூர் கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளன். எதையும் அவன் சுலபத்தில் மதித்துவிட மாட்டான். ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கத்தில் இருந்த இந்த ஊரை மதிக்கவில்லை. தன்னை இங்கே அனுப்பிய கம்பெனியை அதைவிடக் குறைவாக மதித்தான். கம்பெனி செய்த பொருளுக்கோ, அவன் மனதில் இடமே இல்லை.

அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ஆடம்பரமாக ஒரு பெயர் இருந்தது. கம்பெனியில் தமிழ் ஆட்கள் தங்களுக்குள் அதை மரியாதைமானி என்பார்கள்.

நிலையத்தின் இயக்குநர் கிப்சன் சிலுங்வே, பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவர், முதல் நாளே அவனைத் தன் அறைக்கு அழைத்து உட்காரவைத்தார்.

“அமைச்சர் கேட்டா நான் ரெண்டு வரியில சொல்லணும். இது என்னதான் பண்ணுது?”

“கோபம், பயம், சந்தோஷம் எல்லாம் மூஞ்சியோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் சார். இளக்காரம் மட்டும் ஒரு பக்கமா வரும். உதட்டு ஓரம் ஒண்ணு லேசா மேல ஏறி இறுகும். அரை நொடிதான். நம்ம கண்ணுக்குத் தப்பிடும், கேமராவுக்குத் தப்பாது. நூத்துக்கு எத்தனைன்னு ஒரு எண் கொடுக்கும்.”

“அம்பதுக்கு மேல போனா?”

“அது உங்க சட்டம் சார். எங்க மெஷினுக்குச் சட்டம் தெரியாது.”

சட்டம் புதிது. முந்தைய வருடம் சுரங்கக் கம்பெனியின் வெளிநாட்டு அதிகாரி ஒருவர், கவுன்டரில் இருந்த ஒரு பெண்ணின் முகத்தில் பாஸ்போர்ட்டை விட்டெறிந்தார். வரிசையில் நின்ற யாரோ அதைப் படம் பிடித்துவிட்டார்கள். நாடே கொதித்தது. பொது இடத்தில் இன்னொருவரை இளக்காரமாக நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. பயணியின் எண் ஐம்பதைத் தாண்டினால் அவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சமநீதி வேண்டும் என்று சுரங்கக்காரர்கள் வாதாடியதால் ஊழியர்களையும் அதில் சேர்த்தார்கள். பயணி கேட்டால் ஊழியரின் எண்ணைக் காட்டியாக வேண்டும். மூன்று முறை ஐம்பதைத் தாண்டினால் வேலை போகும்.

பாஸ்போர்ட்டால் அடி வாங்கிய பெண்ணின் பெயர் லோவீனெஸ் முலெங்கா. இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டியதே அவள்தான். அந்தப் படம் சிலுங்வேயின் அறைச் சுவரில் தொங்கியது. அவளுக்குப் பக்கத்தில் அமைச்சர் நின்றார். அமைச்சரின் தோளுக்குப் பின்னாலிருந்து சிலுங்வே எட்டிப் பார்த்தார்.

முதல் இரண்டு வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. எழுபத்தொன்று வாங்கிய ஒரு சுரங்க ஆலோசகர், கோட்டும் சூட்டுமாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். கோழிக்குஞ்சுக் கூடையோடு நின்ற ஒரு கிழவர் அவருக்குக் கவனமாக இடம் விட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் எண் ஏறிவிடும் என்ற பயம். ஆனால் அன்று முழுக்க நிலையத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. தான் பராமரிக்கும் பொருள் உலகத்தில் ஏதோ ஒரு நல்லது செய்கிறது என்று சென்னியப்பன் நினைத்ததும் அன்று ஒருநாள்தான்.

பிறகு எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒரு முன்னாள் நாடக நடிகர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ‘விமான நிலைய முகம்’ சொல்லிக்கொடுத்தார். இரண்டு கன்னத்தையும் லேசாக உள்ளே இழுத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சுரங்கக் கம்பெனி தன் அதிகாரிகளுக்கு அதே வித்தையை மூன்று நாள் பயிற்சியாக நடத்தியது. மூன்றாவது மாதத்தில் எல்லோரின் எண்ணும் பத்துக்குக் கீழே வந்துவிட்டது. அதிகாரிகள் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினார்கள். “உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்” என்று தொடங்கும் புகார்க் கடிதங்களை எழுதினார்கள். துப்புரவுப் பெண் ஒருத்தி நடைபாதையில் எதிரே வந்தால் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவளை ஊடுருவிக்கொண்டு நடந்தார்கள், அங்கே காற்றுதான் இருக்கிறது என்பதுபோல. இயந்திரத்துக்கு அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. தன் ஊழியர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே அறியாத சிலுங்வேயின் எண் எந்த நாளும் நான்கைத் தாண்டியதில்லை.

இளக்காரத்தை ஒழித்துவிட்டோம் என்று அமைச்சர் வானொலியில் பேசினார்.

நான்காவது மாதம் லோவீனெஸ் அவனைத் தேடி வந்தாள். பெட்டிப் பட்டைக்குப் பின்னால் இருந்த அவனுடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலிலேயே நின்று லேசாகக் கைதட்டி, “மூலி ஷானி, பா சென்னி” என்று நலம் கேட்டாள். மதிக்கிறவர்களின் பெயருக்கு முன்னால் அவர்கள் மொழியில் ‘பா’ சேர்ப்பார்கள். அந்த ஊரில் அவனுக்கு அந்த எழுத்தைக் கொடுத்தது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவன் ‘மெஷின்காரன்’.

“ரெண்டு தடவை ஆயிடுச்சு, பா சென்னி. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

அவன் பதிவுகளைத் திறந்து பார்த்தான். இரண்டு முறையும் எண்ணைக் கேட்டவர்கள் சுரங்கக் கம்பெனிக்காரர்கள். இரண்டு முறையும் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்கள். அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பது.

“நீங்க அவங்களை ஏதாவது நினைச்சீங்களா?”

“என் மூஞ்சியை நல்லாப் பாருங்க” என்றாள் லோவீனெஸ்.

பார்த்தான். நாற்பத்தாறு வயதுக்காரியின் அகலமான, களைத்த முகம். கண்ணிமைத்தாள். இமைத்த அதே கணம் உதட்டின் இடது ஓரம் சின்னதாக மேலே இழுத்துக்கொண்டு இறங்கியது. மறுபடி இமைத்தாள். மறுபடி இழுத்தது.

“ஏழு வருஷம் முன்னாடி ஒரு மழைக்காலம். காலையில எழுந்தா இந்தப் பக்கம் அப்படியே தொங்கிப் போச்சு. எட்டு மாசத்துல சரியாச்சு. ஆனா நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிப் போச்சுன்னு டாக்டர் சொன்னார். கண்ணுக்குப் போக வேண்டியது உதட்டுக்கும் போகுது. கண்ணை மூடாம நான் எப்படி வேலை பார்க்கிறது?”

“மாஸ்க்?”

“மூஞ்சியை மறைக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. போன வாரம் கன்னத்துல பிளாஸ்திரி ஒட்டிட்டு வந்தேன். மேலதிகாரி பிச்சுப் போடச் சொல்லிட்டார்.” அவள் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அந்தப் பாஸ்போர்ட் எறிஞ்சவர் இருக்காரே, அவருக்கும் இதே சந்தேகம்தான் வந்துச்சு. நான் அவரைப் பார்த்துக் கேலியாச் சிரிச்சேன்னு நினைச்சுட்டார். அவர் பார்த்த மாதிரியேதான் உங்க மெஷினும் பார்க்குது.”

சென்னியப்பன் திறந்திருந்த பதிவுகளை மூடினான். அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அவன் கம்பெனியில் பதினோரு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

“விசாரணை வந்தா நான் பேசறேன்” என்றான். “நரம்புக் கோளாறுக்கும் இளக்காரத்துக்கும் இதுக்கு வித்தியாசம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நான்தான். சொல்றேன்.”

“போதும், பா சென்னி” என்று சொல்லி, முழங்காலைச் சற்று மடக்கி வணங்கிவிட்டுப் போனாள்.

மூன்றாவது முறை வருவதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. விசாரணைக்கு முந்தைய நாள் மதியம் கோயம்புத்தூரிலிருந்து வேங்கடபதி பேசினார். அவர்தான் கம்பெனியில் வெளிநாட்டு வேலைகளுக்கெல்லாம் தலைமை. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். எதிரில் உள்ளவரை ஆள் என்று நினைத்தால்தானே உயர்த்துவதற்கு.

“ஏனுங்க சென்னி, ஏதோ சாட்சி சொல்லப் போறீங்களாமா?”

“ஆமாங்க சார். அந்தம்மாவுக்கு முகத்துல நரம்புப் பிரச்சினைங்க. மெஷின் தப்பாக் காட்டுதுங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டுட்டாப் போதும், ரெண்டு நிமிஷ வேலைதானுங்க.”

“ஒருத்தருக்குப் போட்டா நாளைக்கு ஊரே டாக்டர் சீட்டோட வந்து நிக்குமுங்க. இன்னும் நாலு ஏர்போர்ட்டுக்காரங்க இதை வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. இந்த நேரத்துல நம்ம ஆளே மெஷின் தப்புன்னு சொன்னா என்னாகும்?”

“அதுக்காகப் பொய் சொல்ல முடியுங்களா சார்?”

“யாருங்க பொய் சொல்லச் சொன்னா? நெசத்தையே சொல்லுங்க. மெஷின் உதட்டைத்தான அளக்குது? சரியா அளக்குதா? அளக்குது. அத்தோட நிறுத்திக்கங்க.” கொஞ்ச நேரம் இருமினார். “ஜோகன்னஸ்பர்க்குல ஆபீஸ் திறக்கறோம். தெக்குப் பக்கம் முழுசுக்கும் ஒரு ஆள் வேணும். உங்களைத்தான் நினைச்சிருக்கறேன்.”

கைப்பேசியை வைத்த பிறகு சென்னியப்பன் வெகுநேரம் வேங்கடபதியைத் திட்டிக்கொண்டிருந்தான். திட்டு முடிந்தபோது, தான் மாட்டேன் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் அறையில் விசாரணை. விசாரணையிலும் யாரும் யாரையும் இளக்காரமாக நடத்தக் கூடாது என்பதால் ஒரு மரியாதைமானி சுவரோரம் நின்றது. அதன் திரையில் எல்லோருடைய எண்ணும் ஓடியது. சிலுங்வே, மூன்று. பணியாளர் பிரிவு அதிகாரியம்மா, இரண்டு. நிர்வாகக் குழுவில் சுரங்கக் கம்பெனியின் சார்பாக இருந்த வெள்ளைத்தலைக்காரர், ஒன்று. எதிரே லோவீனெஸ், நீலச் சீருடையைத் துவைத்து மடிப்பு எடுத்துப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று. இமைத்தபோதெல்லாம் ஏறியது.

“மேடம், உங்க சேவையை நாங்க எவ்வளவு மதிக்கறோம்னு உங்களுக்குத் தெரியும்” என்றார் வெள்ளைத்தலைக்காரர். “இந்தச் சட்டமே உங்களாலதான் வந்துச்சு. நாங்களே அதை மீறினா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்.”

“எனக்கு நோய், ஐயா. டாக்டர் கடிதம் உங்க முன்னாடி இருக்கு.”

“கடிதம் உங்க நரம்பைப் பத்திச் சொல்லுது. மனசைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.” அவர் சிலுங்வேயைப் பார்த்தார். சிலுங்வே சென்னியப்பனைப் பார்த்தார்.

“எஞ்சினியர், மெஷின்ல கோளாறு இருக்கா?”

லோவீனெஸ் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கலக்கம் இல்லை. பேசுவதாகச் சொன்ன ஒருவன் இப்போது பேசப்போகிறான் என்று காத்திருக்கும் முகம் அது.

“கோளாறு இல்லை சார்” என்றான் சென்னியப்பன். “உதட்டோட அசைவை அது சரியாத்தான் அளக்குது.”

“வேற ஏதாவது சொல்லணுமா?”

டாக்டர் கடிதத்தை ஒருமுறை பார்த்தான்.

“இல்லை சார்.”

தன் எண்ணைத் திரையில் பார்த்தான். ஒன்று. அந்த அறையில் நான்கு பேர் ஒரு பெண்ணைக் குப்பையைப்போல வாரி வெளியே கொட்டினார்கள். நான்கு பேரின் எண்ணையும் கூட்டினாலும் ஏழுதான் வந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்த லோவீனெஸ், அதன் கயிற்றைச் சிக்கெடுத்து ஒழுங்காகச் சுற்றி அட்டையின் மேலேயே வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். போகும்போது அவனைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேங்கடபதி உற்சாகமாகப் பேசினார்.

“சென்னி, அந்தம்மா மூஞ்சி இருக்குதே, பொக்கிஷமுங்க. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், நாலஞ்சு மாசத்துப் படம். இமைக்கறப்போ இழுக்கற உதடு வேற, இளக்காரத்துல ஏறற உதடு வேறன்னு மெஷினு கத்துக்கிச்சு. மருத்துவ விலக்குன்னு தனியா ஒரு வசதியாவே போடறோம். நாலு ஏர்போர்ட்டும் அதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.”

“அவங்ககிட்டக் கேட்டீங்களா சார்?”

“யாருகிட்ட?”

சென்னியப்பன் பேச்சை மாற்றினான். புதிய வசதியைத் தன் கையாலேயே எல்லாக் கவுன்டர்களிலும் ஏற்றினான். ஏற்றி முடித்ததும் சிலுங்வேயிடம் போய், இப்போது லோவீனெஸைத் திரும்ப வேலைக்கு அழைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தான்.

“அது முடிஞ்சுபோன விஷயம்” என்றார் சிலுங்வே. “அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. நல்ல பொண்ணு. எண் மூணுக்கு மேல போறதே இல்லை.” அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. சுவரில் ரிப்பன் வெட்டும் படம் இல்லை. அதே ஆணியில் இப்போது ஒரு நாட்காட்டி தொங்கியது.

ஜோகன்னஸ்பர்க் வேலைக்குக் கிளம்பிய காலையில் சென்னியப்பன் முதல்முறையாகப் பயணியாக அந்த வரிசையில் நின்றான். பன்னிரண்டு பேர். அவனுக்கு இரண்டு பேர் முன்னால், மஞ்சளும் கறுப்புமான துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு லோவீனெஸ் நின்றிருந்தாள். நடுவில் நின்றவர் எதையோ மறந்துவந்தது நினைவு வந்து வெளியே ஓட, அவளுக்கு நேர் பின்னால் அவன் வந்துவிட்டான். ஒளிந்துகொள்ள இடமில்லை.

“எங்க போறீங்க?” என்றான்.

அவள் திரும்பினாள். “மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. அவ ஜோகன்னஸ்பர்க்குலதான் நர்ஸா இருக்கா. நீங்க நல்லா இருக்கீங்களா, சார்?”

‘பா’ இல்லை. அதை அவன் காது முதலில் கேட்டது. மற்றச் சொற்கள் அப்புறம்தான் கேட்டன.

“மெஷினைச் சரிபண்ணிட்டோம்” என்று அவசரமாகச் சொன்னான். “இப்ப உங்களைச் சரியாப் படிக்கும். நானேதான் ஏத்தினேன். அன்னிக்கு, அந்த அறையில, நான்...”

“கேள்விப்பட்டேன் சார். ரொம்ப நல்ல காரியம். என்னை மாதிரி நிறையப் பேருக்கு உதவும்.” அவள் குரல் மிருதுவாக இருந்தது. நிதானமாக ஒதுங்கி நின்று கையால் வழி காட்டினாள். “உங்களுக்கு அவசரமா இருந்தா முன்னாடி போங்க சார்.”

“இல்லை, இல்லை. நீங்க போங்க.”

“நன்றி, சார்.”

அவள் கவுன்டருக்குப் போனாள். அங்கே இருந்த புதிய பெண் புன்னகைத்தாள். லோவீனெஸ் கண்ணாடிக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்து இமைத்தாள். உதட்டின் இடது ஓரம் இழுத்து இறங்கியது. திரையில் எண் வந்தது. இரண்டு.

சென்னியப்பன் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். சற்று முன் தன்மேல் விழுந்த பார்வை என்னவென்று அவனுக்குத் தெரியும். பதினோரு வருடம் அவன் அளந்துகொண்டிருந்தது அதைத்தான். விசாரணை அறையில் அவனை நம்பி உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அறுபத்து மூன்று போட்ட இயந்திரம், இன்று இரண்டு போட்டது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது.

அவன் முறை வந்தது. பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கேமராவுக்குக் கீழே இருந்த திரையில், எண் வருவதற்கு முன்னால் எல்லோருக்கும் தெரிவதுபோல, அவனுடைய முகம் தெரிந்தது. அதைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதலான நேரமே பார்த்துவிட்டான்.

எண் வந்தது. அறுபத்து நான்கு.

புதிய பெண் தயக்கத்தோடு கையை நீட்டி வரிசையின் கடைசியைக் காட்டினாள். “மன்னிக்கணும் சார். சட்டம்.”

“நான் உங்களை எதுவும் நினைக்கலைம்மா.”

“தெரியும் சார்” என்றாள் அவள். “நீங்க என்னைப் பார்க்கவே இல்லையே.”

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மஞ்சளும் கறுப்புமான துணி விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, அவனுக்குக் கவனமாக இடம் விட்டார்.